தலைகீழ் நிலையும் கழுத்தின் காவலும்

தலையை ஊன்றிக் கால்களை உயர்த்தும் பயிற்சி புதியதன்று. 15ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை அதனை விபரீதகரணி என்றது; முதல் நாள் ஒரு கணமே நிற்கவும், பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாக நீட்டவும் பணித்தது.

1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், ஆசனங்களை மருத்துவக் கருவிகளால் ஆராய்ந்தார். பி. கே. எஸ். ஐயங்கார், சர்வாங்காசனத்தில் தோள்களின் கீழ் மடித்த கம்பளிகளை அடுக்கும் முறையைப் பரப்பினார். கழுத்து நெரியாமற் காப்பதே அதன் நோக்கம்.

கல்கத்தாவிற் பயின்ற பிக்ரம் சௌத்ரி 1970களில் அமெரிக்காவில் பரப்பிய வெப்ப அறை யோகம், ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிகழ்வது. அதன் 26 பயிற்சிகளுள் சிரசாசனமும் இல்லை, சர்வாங்காசனமும் இல்லை. பின்வந்த சிலர் வெப்ப அறையில் அவற்றையும் சேர்த்தனர். வெம்மையில் தசை இளகும், வியர்வையில் பிடி வழுக்கும், தலை சுற்றும். ஏழு சிற்றெலும்புகளாலான கழுத்து அந்நிலையில் உடற்பாரம் தாங்குவது ஆபத்தே.

இவ்வறிவு மலைநாட்டுக்கும் வேண்டுவது. வலப்பனைத் தோட்டங்களில் கொழுந்துச் சுமையின் கயிற்றைத் தலையில் தாங்கும் பெண்களின் கழுத்து, நாளெல்லாம் உழைத்த கழுத்து. அவர்க்கு ஏற்றது, மல்லாந்து படுத்துக் கால்களைச் சுவரிற் சாய்க்கும் எளிய நிலையே. அதிற் கழுத்துக்குப் பாரமில்லை. ஒரு கணத்திலிருந்து தொடங்குக என்ற பழைய விதி, இன்றும் நல்ல விதியே.