அரசு கொடுத்த வாடகை வீட்டில் ஆயுசுக்கும் இருக்கலாமா? பிரிட்டன் கவுன்சில் வீடுகளின் கதை

ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அரசாங்கம் குறைஞ்ச வாடகையில் வீடு கொடுக்கிறது. பத்து வருஷத்தில் அந்தக் குடும்பம் கொஞ்சம் தலையெடுத்து விடுகிறது. இப்போ காலி பண்ணச் சொல்லலாமா? இல்ல, ஆயுசுக்கும் இருக்கட்டும்னு விடணுமா?

பிரிட்டன் இந்தக் கேள்வியோடு பல காலமாக மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறது. வீட்டு விஷயத்தில் டாக்டருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. அங்கே அரசு வீட்டுத் திட்டத்தைப் பெரிய அளவில் ஆரம்பித்து வைத்ததே ஒரு டாக்டர்தான். அவர்கிட்ட பிறகு வருவோம்.

முதலில் 1915, கிளாஸ்கோ நகரம். உலகப் போர் நேரம். கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் ஆட்கள் வந்து குவிய, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். பெண்கள் திரண்டார்கள். முன்னால் நின்றவர் மேரி பார்பர். ‘ஏற்றிய வாடகையைத் தர மாட்டோம்’ என்று உட்கார்ந்து விட்டார்கள். நவம்பரில் சுமார் 20,000 குடும்பங்கள் போராட்டத்தில் இருந்தன. அடுத்த மாதமே பார்லிமெண்டில் சட்டம் வந்தது. வாடகை போருக்கு முந்தைய அளவில் நிறுத்தப்பட்டது. வாடகை ஒழுங்காகக் கட்டுபவரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது என்றும் ஆனது.

1919ல் சுகாதாரத்துக்கு என்று தனி அமைச்சகம் உருவானது. முதல் அமைச்சர் கிறிஸ்டோபர் அடிசன். உடற்கூறியல் பேராசிரியராக இருந்த டாக்டர். வீட்டு வசதியும் அவர் துறைக்குள்தான் வந்தது. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காசநோய்க்கு அப்போது மருந்தே கிடையாது. காற்று, வெளிச்சம், நெரிசல் இல்லாத வீடு, இவைதான் கையில் இருந்த தடுப்பு. மூன்று வருஷத்தில் 5 லட்சம் வீடு என்றார்கள். பணம் வெட்டப்பட்டது. 1921ல் அடிசன் பதவியையும் இழந்தார். அந்தத் திட்டத்தில் எழும்பியது சுமார் 2 லட்சம் வீடுகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அனூரின் பெவன். இலவச மருத்துவச் சேவையைக் கொண்டுவந்தவர் என்று நமக்குத் தெரியும். வீட்டு வசதியும் அவர் பொறுப்புதான். ‘உழைக்கும் வர்க்கத்துக்கு மட்டும்’ என்ற வரம்பை 1949 சட்டத்தில் நீக்கினார். ஒரே தெருவில் டாக்டரும் கூலிக்காரரும் குடியிருக்க வேண்டும் என்பது அவர் கனவு.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. தனியார் வீட்டில் வாடகைக்கு இருந்தவருக்கு 1915லேயே சட்டப் பாதுகாப்பு. கவுன்சில் வீட்டில் இருந்தவருக்கு இல்லை! அரசாங்கம் எப்படி அநியாயம் செய்யும் என்ற நம்பிக்கைதான் காரணம். கவுன்சில் நோட்டீஸ் கொடுத்தால் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. வாசல் கதவுக்கு என்ன பெயிண்ட் என்பதையும் பல இடங்களில் கவுன்சில்தான் முடிவு செய்தது.

பாதுகாப்பு வந்தது 1980ல். கொண்டுவந்தவர் மார்கரெட் தாட்சர். லேபர் கட்சி தயாரித்து வைத்திருந்த மசோதா 1979 தேர்தலில் அடிபட்டுப் போக, வாடகைதாரர் உரிமையை கன்சர்வேட்டிவ் கட்சி எடுத்துக்கொண்டது. சட்டத்தில் சொன்ன காரணம் இருக்கணும், கோர்ட் உத்தரவு வேணும், அப்போதான் வெளியேற்ற முடியும். ஆனா அதே சட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. மூன்று வருஷம் குடியிருந்தால் சந்தை விலையில் 33% முதல் 50% வரை தள்ளுபடியில் வீட்டை வாங்கிக்கொள்ளலாம். இங்கிலாந்தில் மட்டும் இதுவரை ஏறக்குறைய 20 லட்சம் வீடுகள் இப்படிப் போயின. ஈடாகப் புது வீடுகள் அந்த அளவுக்கு எழும்பவில்லை.

வீடு குறைந்தது, வரிசை நீண்டது. 2010ல் பிரதமர் டேவிட் கேமரூன், ஆயுள்கால வாடகை உரிமை இனியும் தேவையா என்று கேட்டார். 2011 சட்டப்படி, விரும்பும் கவுன்சில்கள் புதியவர்களுக்குப் பொதுவாக 5 வருஷத் தவணையில் வீடு கொடுக்கலாம். 2016ல் இதைக் கட்டாயமாக்கச் சட்டம் போட்டார்கள். 2018ல் அந்தக் கட்டாயத்தை அமல்படுத்த மாட்டோம் என்று அரசே சொல்லிவிட்டது. ஸ்காட்லாந்து இந்த வழிக்கே போகவில்லை.

தவணை கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. ஒற்றை ஆள் மூன்று படுக்கையறை வீட்டில் இருக்க, நான்கு பிள்ளைகளோடு ஒரு தாய் தற்காலிக விடுதி அறையில் கிடக்கிறாள். அவளுக்கு நாம் என்ன பதில் சொல்வது?

அவர்கள் வாதம் எனக்கு நல்லாவே புரியும். அரசு ஆஸ்பத்திரி வார்டு மாதிரிதான். குணமானவர் பெட்டைக் காலி செய்தால்தான் அடுத்தவருக்கு இடம்.

ஆனா வீடு பெட் இல்லைங்க. காய்ச்சல் விட்டால் விட்டதுதான். வறுமை அப்படி விடுவதில்லை. இன்று சம்பளம் கூடியவருக்கு நாளைக்கே வேலை போகலாம், பக்கவாதம் வரலாம். ‘சம்பாத்தியம் ஏறினா வீடு போயிடும்’ என்ற பயத்தில் ஓவர்டைம் வேண்டாம் என்பவரை நாமே உருவாக்குகிறோம். பிள்ளையின் பள்ளிக்கூடம், மாசாமாசம் சுகர் மாத்திரை வாங்கும் இடம், அவசரத்துக்கு ஓடிவரும் பக்கத்து வீட்டக்கா, எல்லாம் அந்த விலாசத்தோடு கட்டுப்பட்டவை. நிலைமை தேறியவர்களை எல்லாம் அனுப்பிவிட்டால், நொடிந்தவர்கள் மட்டும் மிஞ்சும் குடியிருப்புதான் கிடைக்கும். பெவன் பயந்தது அதற்குத்தான்.

கணக்கும் உதைக்குது. ஒரு குடும்பத்தை வெளியேற்றி இன்னொன்றைக் குடிவைத்தால் வீடுகளின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது. போன குடும்பம் அதிக வாடகை வீட்டில் நொடித்தால் திரும்ப அதே வரிசைக்குத்தான் வரும்.

ஆகவே என் கருத்து: உரிமை ஆயுளுக்கும் இருக்கட்டும். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் விரும்பினால், அதே பகுதியில் சின்ன வீடும் மாறும் செலவும் கொடுங்கள். இங்கிலாந்தில் பல கவுன்சில்கள் இதைச் செய்கின்றன. விடுதி அறையில் இருக்கும் அந்தத் தாய்க்குத் தேவை புது வீடு. இன்னொரு தாயின் வீட்டைப் பிடுங்கித் தருவதை அவளுக்கான பதில் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்க, பேசுவோம்.