வேலை, தண்ணீர், வீடு... 80களின் நிஜ முகத்தைக் காட்டும் தமிழ்ப் படங்கள் எவை? ஒரு முழு விளக்கம்

80ஸ் என்று தேடினால் ரீல்ஸில் என்ன வருகிறது? மைக் பிடித்த மோகன், சுழலும் டிஸ்கோ லைட், காதை மூடிய முடி, பின்னணியில் இளையராஜா. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தப் பத்து வருஷம் அவ்வளவுதானா?

அந்தக் காலத்தில் இருபது, இருபத்தைந்து வயதில் இருந்தவர்களுக்கு வேறு கவலைகளும் இருந்தன. படிச்சு முடிச்சாச்சு, வேலை எப்போ? குழாயில் தண்ணீர் எப்போ வரும்? வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போறது? இந்தக் கேள்விகளையும் அதே தமிழ் சினிமாதான் பதிவு செய்தது. எந்தெந்தப் படங்கள் அதைச் சரியாகச் செய்தன, அவற்றை இன்று ஏன் பார்க்க வேண்டும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

எதை வைத்துத் தேர்வு?

வசூல் கணக்கு இல்லை, 'டாப் 10' போட்டியும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் படத்தை மட்டும் பார்த்த ஒருவருக்கு, 80களில் தமிழ்நாட்டில் வாழ்வது எப்படி இருந்தது என்று புரியுமா? புரியும் என்றால் பட்டியலில் இடம். அதனால்தான் 'நாயகன்' (1987) போன்ற பெரிய படம்கூட இதில் இல்லை. அது மும்பையின் கதை, பல பத்தாண்டுகளில் நடக்கும் கதை.

80கள் எப்படிப்பட்ட காலம்?

1977இல் முதல்வரான எம்.ஜி.ஆர், 1987 டிசம்பர் 24இல் மறையும் வரை தமிழக அரசியலின் மையமாக இருந்தார். 1982இல் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. 1983இல் கபில்தேவ் அணி உலகக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. அகதிகள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தார்கள். 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்டார்.

வீட்டுக்குள் பார்த்தால் டேப் ரெக்கார்டர், கேசட், வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்', ஞாயிற்றுக்கிழமை படம். தெருவில் ஒரு வீட்டில் டிவி இருந்தால் அந்த வீட்டுத் திண்ணை நிரம்பிவிடும். காசு சேர்த்து வாடகைக்கு 'டெக்' எடுத்து விடிய விடிய மூணு படம் பார்ப்பதும் இந்தக் காலத்துப் பழக்கம்தான்.

1. வேலை இல்லாத பட்டதாரி: 'வறுமையின் நிறம் சிகப்பு', 'நிழல்கள்' (1980)

1980 தீபாவளிக்கு இரண்டு படங்கள் வந்தன. ஒன்று கே.பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிகப்பு'. இன்னொன்று பாரதிராஜாவின் 'நிழல்கள்'. இரண்டு பெரிய இயக்குநர்கள், ஒரே பண்டிகை, ஒரே பிரச்னை: வேலையில்லாத் திண்டாட்டம்.

பாலசந்தர் படத்தில் கமல்ஹாசன், பாரதியை நெஞ்சில் சுமக்கும் தத்துவப் பட்டதாரி. டெல்லியில் வேலை தேடுகிறார். பசியை மறைக்க நண்பர்கள் சாப்பிடுவது போல நடிப்பதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். கடைசியில் அவர் சலூனில் முடி வெட்டும் வேலையை ஏற்கிறார். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்காவிட்டால் கிடைத்த வேலையைச் செய்வது அவமானமா என்பதுதான் படம் எழுப்பும் கேள்வி. இன்று டெலிவரி பையோடு வண்டி ஓட்டும் இன்ஜினியருக்கு இந்தக் கேள்வி பழசா என்ன?

'நிழல்கள்' அன்று ஓடவில்லை. ஆனால் வைரமுத்து பாடலாசிரியராக அறிமுகமானதும், 'நிழல்கள்' ரவிக்கு அந்தப் பெயர் கிடைத்ததும் இந்தப் படத்தில்தான். பாட்டுகளை மட்டும் கேட்டவர்கள் ஒருமுறை படத்தையும் பார்க்கலாம். பாட்டில் உள்ள இனிமை கதையில் இருக்காது. அந்த முரண்தான் 80களின் தொடக்கம்.

2. தாகமும் தொழிற்சாலையும்: 'தண்ணீர் தண்ணீர்' (1981), 'ஏழாவது மனிதன்' (1982)

கோமல் சுவாமிநாதனின் மேடை நாடகத்தைப் பாலசந்தர் படமாக்கியது 'தண்ணீர் தண்ணீர்'. அத்திப்பட்டி என்ற வறண்ட கிராமம். தண்ணீருக்காக மனு கொடுத்து மனு கொடுத்து ஓய்ந்த மக்கள், கடைசியில் தாங்களே கால்வாய் வெட்ட இறங்குகிறார்கள். அப்போதுதான் அரசு இயந்திரம் விழித்துக்கொள்கிறது. உதவி செய்ய இல்லை, தடுக்க. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என இரண்டு தேசிய விருதுகள் இந்தப் படத்துக்குக் கிடைத்தன.

இது கிராமத்துக் கதை, நமக்கென்ன என்று சென்னைவாசிகள் சொல்ல முடியாது. பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. 2019 கோடையில் அது வற்றிப் போனதையும், குடத்தோடு லாரிக்காக நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

கே.ஹரிஹரனின் 'ஏழாவது மனிதன்' இதன் இன்னொரு பக்கம். ரகுவரன் அறிமுகமான படம். சிமென்ட் ஆலை ஒன்று ஊருக்கு வேலையும் தருகிறது, புகையும் தருகிறது. பாரதியார் பாடல்களுக்கு எல்.வைத்தியநாதன் இசை. சுற்றுச்சூழல் என்ற சொல் டிவி விவாதங்களுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே அதைப் பேசிய படம் இது.

3. கேசட் காலத்துக் கொண்டாட்டம்: 'சகலகலா வல்லவன்', 'பயணங்கள் முடிவதில்லை' (1982)

கஷ்டம் மட்டுமே 80கள் இல்லை. ஏவிஎம் தயாரிப்பில் எஸ்.பி.முத்துராமன் இயக்கிய 'சகலகலா வல்லவன்' அன்றைய கமர்ஷியல் சினிமாவின் ஃபார்முலாவை எழுதி வைத்தது: கிராமம், சவால், சண்டை, டான்ஸ். நாற்பது வருஷம் தாண்டியும் டிசம்பர் 31 நள்ளிரவில் இந்தப் படத்தின் புத்தாண்டுப் பாட்டு இல்லாமல் தமிழ்நாட்டில் ஸ்பீக்கர் ஓய்வதில்லை.

ஆர்.சுந்தர்ராஜனின் முதல் படமான 'பயணங்கள் முடிவதில்லை' மோகனைப் பாடகராக்கியது. அதன்பின் 'உதய கீதம்' (1985) வரை அவர் கையில் மைக் ஒட்டிக்கொண்டது. கதைகள் எளிமையானவை. ஆனால் தியேட்டரில் கேட்ட பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற புதிய சந்தோஷத்தைத் தந்தது கேசட். பிடித்த பாட்டுகளை வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்து, கடையில் பதிவு செய்து வாங்கிய தலைமுறை இது. இன்றைய பிளேலிஸ்ட்டின் தாத்தா அந்தத் தாள்தான்.

4. கூட்டுக் குடும்பம் உடைந்த கதை: 'சம்சாரம் அது மின்சாரம்' (1986)

விசு எழுதி, இயக்கி, நடித்த ஏவிஎம் படம். அரசு வேலையிலிருக்கும் அப்பா, சம்பாதிக்கும் மூத்த மகன், செலவுக் கணக்கில் வரும் தகராறு, வீட்டின் நடுவே விழும் கோடு. மனோரமாவின் நகைச்சுவை எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் படத்தின் பலம் கடைசிக் காட்சி. பிரிந்தவர்கள் சேர்ந்துவிட்டார்கள், சுபம் என்று முடிக்கவில்லை விசு. மருமகளாக வரும் லட்சுமி, தள்ளி இருந்தே பாசமாக இருப்போம் என்ற முடிவைச் சொல்கிறார்.

அன்றைக்கு அது சின்ன அதிர்ச்சிதான். மாதச் சம்பளம், ஒண்டுக் குடித்தனம், தனிக் குடித்தனம் என்று நகரக் குடும்பங்கள் மாறிக்கொண்டிருந்ததை அந்த ஒரு முடிவு ஒப்புக்கொண்டது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் இது.

5. புது அலை, புது வெளிச்சம்: 'ஊமை விழிகள்' (1986), 'அக்னி நட்சத்திரம்' (1988)

திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒன்றாகச் சேர்ந்து எடுத்த படம் 'ஊமை விழிகள்'. ஆபாவாணன் குழு, அரவிந்தராஜ் இயக்கம், போலீஸ் அதிகாரியாக விஜயகாந்த். பெரிய குரு யாரிடமும் வருஷக்கணக்கில் உதவியாளராக இல்லாமலேயே பிரம்மாண்டமாகப் படம் எடுக்கலாம் என்று காட்டியது.

மணிரத்னத்தின் 'அக்னி நட்சத்திரம்' நகரத்து இளைஞனின் கோபத்தை பி.சி.ஸ்ரீராமின் பளீர் வெளிச்சத்தில் காட்டியது. ஒரே அப்பா, இரண்டு குடும்பம், இரண்டு மகன்கள். பிரபு, கார்த்திக் இருவரின் உடையும் நடையும் அன்றைய கல்லூரி வாசல்களில் எதிரொலித்தன. 1980இன் வேலையில்லா இளைஞன் சோர்ந்திருந்தான். 1988இன் இளைஞன் முறைத்துக்கொண்டு நிற்கிறான். பத்தாண்டு எப்படி நகர்ந்தது என்பதை இந்த வித்தியாசமே சொல்லிவிடும்.

6. நம்ம ஏரியாவின் கதை: 'வீடு' (1988)

ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் இருக்கு என்றால், அது பாலுமகேந்திராவின் 'வீடு'.

கதை ஒரு வரிதான். வேலைக்குப் போகும் சுதா, தங்கை, ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாரான தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாடகை வீடு தேடி அலுத்து, சொந்தமாகக் கட்ட முடிவெடுக்கிறாள் சுதா. அதன்பின் அனுமதி, கடன், கான்ட்ராக்டர், திருட்டுப் போகும் சிமென்ட் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு அடி. பாதி எழுந்த வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகக் கிளம்பிப் போகும் காட்சியைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா எழுந்து போக முடியாது. கடைசியில், அந்த நிலம் குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று ஒரு குண்டு விழுகிறது.

படத்தில் பாட்டு கிடையாது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தின் இசைதான் பின்னணி. செட் போடாமல், சாலிகிராமத்தில் நிஜமாகவே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டே படமாக்கினார் பாலுமகேந்திரா. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும், அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதும் கிடைத்தன.

இதை ஏன் நம்ம ஏரியாவின் கதை என்கிறோம்? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். சினிமா விநியோகக் கணக்கில் இந்தப் பகுதிக்கு இன்றும் 'செங்கல்பட்டு ஏரியா' என்றுதான் பெயர். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, டிஐ சைக்கிள்ஸ், டன்லப், ஆவடியில் டாங்கி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை என்று வேலை இந்தப் பக்கம் இருந்தது. வேலை தேடி வெளியூரிலிருந்து வந்தவர்கள் முதலில் வாடகைக்கு இருந்தார்கள். அப்புறம் பி.எஃப். கடன் போட்டு, தாலிக்கொடியை அடகு வைத்து, அரை கிரவுண்ட் மனை வாங்கினார்கள். ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. முதல் வருஷம் கிணறு, அடுத்த வருஷம் ஓர் அறை, போனஸ் வந்தால் தளம். இப்படித்தான் பல தெருக்கள் எழுந்தன. இன்று இந்த மூன்று ஊர்களிலும் மாடி வைத்துக் கட்டிய வீடுகள் பலவற்றுக்கு அடியில் ஒரு 'வீடு' படம் இருக்கிறது.

பின்னால் வந்த படங்கள் 80களைச் சரியாகக் காட்டினவா?

சசிகுமாரின் 'சுப்ரமணியபுரம்' (2008) 1980இன் மதுரையை மறுபடியும் கட்டியது. சட்டைக் காலர், பெல்பாட்டம், 'முரட்டுக்காளை' ஓடும் தியேட்டர் என்று விவரங்கள் எல்லாம் கச்சிதம். ஆனால் படம் நினைவில் நிற்பது அதனால் மட்டும் இல்லை. வேலையில்லாமல் சுற்றும் இளைஞர்களை அரசியல் குடும்பம் ஒன்று பயன்படுத்தித் தூக்கி எறிகிறது. 28 வருஷம் கழித்து வந்த படமும், 1980 தீபாவளிக்கு வந்த இரண்டு படங்களும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. ஏக்கத்தை மட்டும் விற்காமல் வலியையும் சொன்னதால்தான் அது நிலைத்தது.

இதில் இன்னொரு பிரச்னையும் இருக்கிறது

இந்தப் படங்கள் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 'வீடு', 'சந்தியா ராகம்' (1989) படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துபோனதை 2014இல் மறைந்த பாலுமகேந்திராவே வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். தமிழ் சினிமாவுக்கென்று ஒரு ஆவணக் காப்பகம் வேண்டும் என்று தொடர்ந்து கேட்டவர் அவர். தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 முதல் புனேவில் இயங்குகிறது. ஆனால் வருஷத்துக்கு நூற்றுக்கும் மேல் படம் எடுக்கும் தமிழ்நாட்டில் அந்தக் கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது. நெகட்டிவ் போனால் படம் மட்டும் போவதில்லை. அந்தக் காலத்துத் தெரு, பஸ், பேச்சு, விலைவாசி எல்லாம் சேர்ந்து போகிறது.

எந்த வரிசையில் பார்க்கலாம்?

முதலில் 'சம்சாரம் அது மின்சாரம்'. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம், யாருக்கும் போரடிக்காது. அடுத்து 'வறுமையின் நிறம் சிகப்பு'. பிறகு 'தண்ணீர் தண்ணீர்'. 'வீடு' படத்தை மட்டும் கடைசியில், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது பாருங்கள். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, நம்ம வீட்டு மனையை அப்போ என்ன விலைக்கு வாங்கினீங்க, யார்கிட்ட கடன் வாங்கினீங்க என்று கேளுங்கள். எந்தப் படத்திலும் வராத 80கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.