போதைப்பொருள் பயன்பாட்டை நலவாழ்வுச் சிக்கலாக அணுகுதல்

போதைப்பொருள் பயன்பாட்டை நலவாழ்வுச் சிக்கலாக அணுகுதல் என்பது, போதைப்பொருளைப் பயன்படுத்துபவரைக் குற்றவாளியாகத் தண்டிப்பதை விட, அவருக்கு மருத்துவமும் மறுவாழ்வும் அளிப்பதை முதன்மைப்படுத்தும் கொள்கை ஆகும். கடத்தலும் விற்பனையும் இக்கொள்கையிலும் பெரும்பாலும் குற்றங்களாகவே கொள்ளப்படுகின்றன. இந்தியச் சட்டத்தில் தண்டனை, சிகிச்சை ஆகிய இரு வழிகளும் அருகருகே இடம்பெற்றுள்ளன.

மருத்துவ நோக்கு

உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் போதைச் சார்பு ஒரு நோயாக இடம்பெற்றுள்ளது. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

இந்தியச் சட்டம்

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் 1985 ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன் 27 ஆம் பிரிவின்படி, போதைப்பொருளை உட்கொள்வதே குற்றமாகும். ஹெரோயின், கொக்கைன் போன்றவற்றிற்கு ஓராண்டு வரையும், பிறவற்றிற்கு ஆறு மாதம் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம்.

இதே சட்டம் சிகிச்சைக்கும் இடமளிக்கிறது:

* பிரிவு 39: உட்கொண்டதற்காகவோ சிறு அளவு தொடர்பான குற்றத்திற்காகவோ தண்டிக்கப்படும் போதை அடிமையை, உடனே சிறைக்கு அனுப்பாமல், அவரது ஒப்புதலுடன் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.
* பிரிவு 64அ: இத்தகைய குற்றம் சாட்டப்பட்ட ஒருவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்த இயலாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் இப்பாதுகாப்பு விலக்கப்படலாம்.

2001 ஆம் ஆண்டின் அறிவிப்பின்படி, கஞ்சாவில் 1 கிலோகிராமும் ஹெரோயினில் 5 கிராமும் சிறு அளவாகும்.

சிகிச்சையின் போதாமை

நடுவண் அரசுக்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்திய ஆய்வு 2019 இல் வெளியானது. அதன்படி, சட்டவிரோதப் போதைப்பொருட்களைச் சார்ந்திருப்போரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றுள்ளார். மதுவைச் சார்ந்திருப்போரில் இது 38 பேருக்கு ஒருவர் ஆகும். சிகிச்சை இடங்கள் போதாதபோது பிரிவு 64அ தரும் பாதுகாப்பும் பலரைச் சென்றடையாது.

தமிழ்நாட்டில்

சாந்தி ரங்கநாதன் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை 1980 இல் நிறுவினார். இவ்வமைப்பு 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் இலவசக் குடிநோய்ச் சிகிச்சை முகாம்களை நடத்தியது. நகர மருத்துவமனைக்கு வர இயலாத கூலித் தொழிலாளருக்கு ஊரிலேயே சிகிச்சையளித்து, குடும்பத்தாரையும் ஊராரையும் துணையாக்குவது இம்முகாம்களின் முறையாகும்.

விழுப்புரம் மாவட்டம்

கள்ளச்சாராயம் மேற்கண்ட சட்டத்தின் கீழ் வருவதில்லை. எனினும், தண்டனையா மருத்துவமா என்னும் கேள்வி இங்கும் எழுகிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், அண்டை மாவட்டமான செங்கல்பட்டிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். எக்கியார்குப்பத்தில் பாதிக்கப்பட்டோர் பலர், திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையிலுள்ள முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. மாற்று மருந்து, இரத்தச் சுத்திகரிப்பு ஆகியவற்றைச் சில மணி நேரத்திற்குள் தொடங்கினால் உயிரையும் பார்வையையும் காக்க வாய்ப்புண்டு. வழக்கிற்கு அஞ்சிக் குடித்ததை மறைப்பவர் இந்நேரத்தை இழக்கிறார். 2024 சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60 இற்கும் மேற்பட்டோர் இறந்த பின்னர், சாராயம் காய்ச்சுவோருக்கும் விற்போருக்கும் தண்டனையைக் கடுமையாக்கித் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டது.

பிற நாடுகளில்

போர்த்துகல் 2001 சூலை முதல், பத்து நாள் பயன்பாட்டிற்கு மேற்படாத அளவு போதைப்பொருளை வைத்திருப்பதைக் குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கியது. பிடிபடுபவர் நீதிமன்றத்திற்கு மாறாக, சட்டம், மருத்துவம், சமூகப்பணி சார்ந்தோர் இடம்பெறும் குழுவின் முன் நிறுத்தப்படுகிறார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2021 இல் இத்தகைய மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஆனால் சிகிச்சை வசதிகள் உரிய வேகத்தில் உருவாகவில்லை. பொதுவிடப் பயன்பாடு குறித்த எதிர்ப்பும் வலுத்ததால், 2024 இல் வைத்திருத்தல் மீண்டும் குற்றமாக்கப்பட்டது. தண்டனையை நீக்குவதோடு சிகிச்சையையும் எட்டும் தொலைவில் அமைக்க வேண்டும் என்பதை இவ்விரு பட்டறிவுகளும் காட்டுகின்றன.