இருபது என்னும் எல்லைக்கோடு

பிறந்த சில நாட்களில் குழந்தையின் உடல் மஞ்சளாவது பெரும்பாலும் தீங்கற்றது, தானே மறைந்துவிடும். ஆனால் அந்நிறத்தைத் தரும் பிலிரூபின் மிக அதிகமானால் மூளையில் படிந்து, செவித்திறனையும் உடலசைவையும் வாழ்நாள் முழுதும் கெடுக்கக்கூடும். எந்தக் குழந்தைக்கு இது நேரும் என்று முன்னறிவது எப்படி?

1952-இல் பாஸ்டன் மருத்துவர்கள், ரீசஸ் இரத்தப் பொருத்தமின்மையால் காமாலையுற்ற குழந்தைகளை ஆராய்ந்தனர். பிலிரூபின் ஏற ஏற மூளைச் சேதமும் மிகுந்தது. 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்பது அபாய எல்லையாயிற்று.

இந்த நம்பிக்கை விரைவில் ஆட்டங்கண்டது. நியூயார்க்கில் சில்வர்மன் குழுவினர் 1956-இல் வெளியிட்ட ஆய்வில், தொற்றைத் தடுக்கச் சல்ஃபா மருந்து பெற்ற குறைமாதக் குழந்தைகள் மிகுதியாக இறந்தன; பலவற்றின் மூளையில் மஞ்சள் கறை! பிலிரூபின் 20-ஐ எட்டாத குழந்தைகளுக்கும் இவ்வாறு நேர்ந்ததை 1958-இல் மற்றொரு குழு காட்டியது.

காரணத்தை 1959-இல் ஓடெல் விளக்கினார். பிலிரூபின் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு பிணைந்தே செல்கிறது. சல்ஃபா அந்த இடத்தைப் பறித்துக்கொள்ள, விடுபட்ட பிலிரூபின் மூளைக்குள் புகுகிறது.

வெப்பநிலையை மட்டும் கொண்டு ஒரு பொருள் ஏற்ற வெப்பத்தைக் கணக்கிட முடியுமா? நிறையும் தெரிய வேண்டுமல்லவா? அதுபோலவே இன்று மருத்துவர்கள் பிலிரூபினோடு குழந்தையின் வயது, கர்ப்பகாலம், அல்புமின் ஆகியவற்றையும் பார்க்கின்றனர். ஆகவே வாசகர்களே, பச்சிளங்குழந்தை மஞ்சளானால் நிறத்தைக் கண்டு நாமே முடிவு செய்யலாகாது. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.