பால் காட்டிலிருந்து ஆய்வுக்கூடம் வரை: சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சியின் கதை



கிள்ளானில் நான் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு மாணவர்களுக்கு ‘அறிவியலும் நம்மவரும்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தேன். இராமானுஜன், சர் சி.வி.இராமன், அப்துல் கலாம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார்கள். எல்லாருமே கடலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். “ஏம்ப்பா, நம்ம நாட்டுல ஒருத்தருமா இல்ல?” என்று கேட்டேன். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “நம்ம தாத்தா பாட்டியெல்லாம் மரந்தானே டீச்சர் வெட்டுனாங்க. அதுல என்னா சயின்ஸ் இருக்கு?” என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போன பிறகுதான் உறுத்தியது. என் பாட்டியும் பால் மரம் வெட்டியவர்தான். அந்தப் பையனுக்கு அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதைத் தேடிப் படித்து இங்கே எழுதுகிறேன். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பையன் இருப்பான்.

கூடம் வந்த கதை

ரப்பர் நம் மண்ணின் மரம் அன்று. பிரேசிலிலிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குப் போய், அங்கிருந்து 1877இல் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைச் சாகடிக்காமல், பட்டையை மெல்லிசாகச் சீவி, மறுபடியும் மறுபடியும் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி 1890களில் சோதித்துக் காட்டினார். அதன் பிறகே காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கப்பல் கப்பலாக அந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள்.

தோட்டங்கள் பெருகியபோது கேள்விகளும் பெருகின. எந்த மரம் அதிகம் பால் தரும்? பட்டையில் வரும் நோயை எப்படித் தடுப்பது? பால் ஏன் மங்கிலேயே உறைந்துவிடுகிறது? இவற்றுக்கு விடை தேடத்தான் 1925இல் சட்டம் இயற்றி மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தினார்கள். மறு ஆண்டு வேலை தொடங்கியது. ஏற்றுமதியாகும் ரப்பரின் மீது போட்ட தீர்வையிலிருந்து அதற்குப் பணம் வந்தது. யோசித்துப் பாருங்கள்: பால் வெட்டியவர் சுமந்து வந்த ஒவ்வொரு வாளியிலும் ஆராய்ச்சிக்கும் ஒரு சிறு பங்கு இருந்திருக்கிறது.

கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் கழகத்தின் தலைமையகமும் ஆய்வுக்கூடங்களும், சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டமும் இருந்தன. மரங்களைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து புதிய வகைகளை உருவாக்கினார்கள். ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்ற வகை 1937இல் நடந்த அப்படியொரு சேர்க்கையில் பிறந்தது. பின்னாளில் தாய்லாந்து போன்ற நாடுகளிலும் அது பெருமளவில் நடப்பட்டது. பெயரிலேயே கழகத்தின் பெயர் இருக்கிறது, கவனித்தீர்களா?

செயற்கை ரப்பர் வந்தபோது

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் கிடைக்காமல் போனது. அவர்கள் பெட்ரோலியப் பொருளிலிருந்து செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கினார்கள். போர் முடிந்தும் அது நிற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் செயற்கை ரப்பர் நம் ரப்பரை முந்திவிட்டது.

விலை மட்டும் காரணமன்று. செயற்கை ரப்பர் சுத்தமான கட்டிகளாக, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று எண்களில் சொல்லிவிடுவார்கள். நம் ரப்பரோ புகைக்கூண்டில் காய்ந்த ஷீட். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் குமிழையும் அழுக்கையும் கண்ணால் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். டயர் செய்யும் தொழிற்சாலைக்காரர் கேட்டது நிறத்தையா? சூட்டைத் தாங்குமா, எவ்வளவு இளகும் என்பதைத்தான். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் பொருளறிவியல் நம் கதைக்குள் வருகிறது.

விளக்கெண்ணெய்யும் எண்களும்

1965இல் ‘எஸ்.எம்.ஆர்.’ எனப்படும் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தொடங்கியது. ரப்பரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, எண்ணால் தரம் சொல்லும் திட்டம் இது. எஸ்.எம்.ஆர். 5 என்றால் அதில் இருக்கும் அழுக்கு 0.05 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த 5 என்ற எண் அழுக்கின் அளவிலிருந்து வந்ததுதான். ரப்பர்த் துண்டைக் கரைப்பானில் கரைத்து, 44 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் வடிகட்டுவார்கள். தங்கும் மணல், பட்டைத்தூள், இலைத்துணுக்கு எல்லாவற்றையும் நிறுத்துப் பார்ப்பார்கள்.

இன்னொரு சோதனையில் ரப்பரை 140 பாகை செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைப்பார்கள். சூட்டுக்கு முன்னும் பின்னும் அது எவ்வளவு நெகிழ்கிறது என்று அளந்து, எத்தனை சதவீதம் மிஞ்சியது என்று கணக்கிடுவார்கள். வெயிலில் போட்டு வைத்த ரப்பர் இந்தச் சோதனையில் மதிப்பெண் இழக்கும்.

செய்முறையும் மாறியது. உறைந்த ரப்பரில் ஆமணக்கெண்ணெய்யைச் சிறிதளவு சேர்த்து உருளைகளுக்கு இடையே விட்டால், அது தகடாக ஒட்டாமல் பொலபொலவென்று உதிரும். ஆமாம், நம் வீட்டு விளக்கெண்ணெய்யேதான்! இதற்கு ‘ஹெவியா கிரம்’ முறை என்று பெயர். உதிர்ந்த துகள் சில மணி நேரத்திலேயே காய்ந்துவிடும். ஷீட்டுக்கோ புகைக்கூண்டில் பல நாள் தேவைப்பட்டது. காய்ந்த துகளை 33⅓ கிலோ கட்டிகளாக அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்பினார்கள். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறிய ரப்பரின் தோற்றமே மாறிப்போனது. பின்னர் இந்தோனேசியா, தாய்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளும் இதே வழியில் தத்தம் தர ரப்பரை உருவாக்கின.

இந்த வேலையில் முன்னின்றவர் டான்ஸ்ரீ டாக்டர் பி.சி.சேகர். 1929இல் பிறந்தவர், மலையாள வம்சாவளியினர். ரப்பரை அடுக்கி வைத்தால் நாளாக நாளாக ஏன் இறுகுகிறது என்பது அவருடைய முக்கியமான ஆராய்ச்சிகளில் ஒன்று. ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலியில் ஆங்காங்கே இருக்கும் சில வேதிக் கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதுதான் காரணம் என்று அவர் கண்டறிந்தார். ஹைட்ராக்சிலமின் என்ற பொருளைச் சிறிதளவு சேர்த்தால் அந்தக் கைகள் கட்டப்பட்டுவிடும், ரப்பரும் இறுகாது. 1966இல் அவர் கழகத்தின் இயக்குநரானார். வெள்ளைக்காரர்கள் இருந்து வந்த நாற்காலியில் நம் நாட்டவர் ஒருவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. 1973இல் ரமோன் மக்சேசே விருது பெற்றார். 2006இல் மறைந்தார். பாடநூலைத் தாண்டி ஒரு பெயர் கேட்கும் மாணவருக்கு இவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஆறு கெட்ட கதை

கதை இத்தோடு முடிந்திருந்தால் வெறும் வெற்றிக் கதையாக இருந்திருக்கும். ரப்பர் உறைந்த பிறகு மிஞ்சும் நீரில் சர்க்கரைப் பொருளும் புரதமும் அமிலமும் இருக்கும். ஆலைகள் பெரிதாகப் பெரிதாக, கழுவிய நீரும் கூடியது. அது வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போனது. ரப்பர் ஆலைப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு அந்த நாற்றத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது நிலைமை இன்னும் மோசமானது. செம்பனை ஆலைக் கழிவு ரப்பர்க் கழிவைவிடப் பன்மடங்கு கெட்டியானது.

ஆற்றில் விழும் இந்தக் கழிவை நுண்ணுயிர்கள் தின்னும். தின்னும்போது நீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மிச்சம் இருக்காது. நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு உயிர்வளி தேவைப்படுகிறது என்று அளப்பதே பி.ஓ.டி. சோதனை. பிரிட்டனில் உருவான முறைப்படி நீரை 20 பாகையில் 5 நாள் வைத்து அளப்பார்கள். நம் ஆற்று நீர் 20 பாகையிலா ஓடுகிறது? இங்கே அதை 30 பாகையில் 3 நாள் என்று மாற்றிக்கொண்டார்கள். நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற சோதனையை நாமே வகுத்துக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. செம்பனை ஆலைக் கழிவின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். வீட்டுச் சாக்கடை நீரில் அது சில நூறுதான். 1978இல் 5,000 வரை அனுமதித்து, ஆண்டுதோறும் குறைத்து, 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள்.

இதைச் சாதித்தவை விலையுயர்ந்த இயந்திரங்கள் அல்ல, குளங்கள். முதல் குளம் ஆழமானது. அங்கே காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்து மீத்தேன் வாயுவாக்கும். அடுத்த குளத்தில் வெயில் படும், பாசி வளரும். பாசி கொடுக்கும் உயிர்வளியில் வேறு நுண்ணுயிர்கள் மிச்ச வேலையை முடிக்கும். ரப்பர் கழிவுக்கு இந்தக் குள முறையைச் சோதித்து வகுத்ததில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. ரப்பரின் தரத்தை அளந்த அதே கழகம், அதன் கழிவையும் அளக்க வேண்டி வந்தது.

கூடத்துக்கு வெளியே இருந்த கைகள்

இப்போது அந்தப் பையனுடைய கேள்விக்கு வருவோம். மரம் வெட்டுவதில் என்ன அறிவியல் இருக்கிறது?

பாட்டி ஏன் இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போனார்? விடிகாலையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடுதலாக இருக்கும். பால் நன்றாக இறங்கும். கோடு ஏன் இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சரிகிறது? பட்டைக்குள் பால் குழல்கள் சற்றுச் சாய்ந்து ஓடுகின்றன. அந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழல்கள் அறுபடும். உளி எவ்வளவு ஆழம் போகலாம்? மரத்தின் வளர்திசுவுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். அதைத் தொட்டுவிட்டால் காயம் முடிச்சாகி, அந்தப் பட்டையில் மறுபடி ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரு தடவை சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். இதை நூற்றுக்கணக்கான மரங்களில், விளக்கு வெளிச்சத்தில், விரலின் உணர்வைக் கொண்டே செய்தார்கள்.

மங்கைத் துடைக்காமல் வைத்தால் அழுக்கு ஏறும். கட்டிப்பாலை வெயிலில் போட்டால் சூட்டுச் சோதனையில் எண் இறங்கும். ஆய்வுக்கூடம் எஸ்.எம்.ஆர். 5 என்று முத்திரை குத்தியபோது, உண்மையில் யாருடைய வேலைக்குச் சான்றிதழ் கொடுத்தது? மங்கைத் துடைத்த கைக்கும் சேர்த்துத்தான். ஆனால் அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் எந்த ஆய்வறிக்கையிலும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும். குறைதான்.

இன்று அந்தக் கழகம் தனியாக இல்லை. 1998இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்துவிட்டது. சுங்கை பூலோ சோதனை நிலத்தில் 2,300 ஏக்கருக்கு மேல் இப்போது குவாசா டாமான்சாரா நகரமாகிக்கொண்டிருக்கிறது. எம்.ஆர்.டி. ரயிலில் அந்த நிலையத்தில் இறங்கும் பிள்ளைகளுக்கு அங்கே ரப்பர் மரம் நின்றதே தெரியாது. தோட்டங்களும் போய், பால் வெட்டியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பில் செய்ய மூன்று வேலைகள்

ஒன்று: ஒரு குவளைப் பாலில் எலுமிச்சைச் சாறு பிழியச் சொல்லுங்கள். பால் திரியும். பால் ஸ்டோரில் ஆசிட் ஊற்றி ரப்பரை உறைய வைத்ததும் இதே தத்துவம்தான். பிறகு அதையே ஒரு செயல்விளக்கக் கட்டுரையாக எழுத வையுங்கள்.

இரண்டு: அறிவியல் ஆசிரியரின் துணையோடு, சர்க்கரை கலந்த நீரில் ஈஸ்ட்டும் சில துளி மெத்திலீன் நீலமும் சேர்த்துக் குப்பியை மூடி வையுங்கள். ஈஸ்ட் உயிர்வளியைத் தின்னத் தின்ன நீல நிறம் மங்கும். ஆற்றில் மீன் ஏன் செத்தது என்பது பிள்ளைகளுக்குப் பேசாமலே புரியும்.

மூன்று, இதுதான் அவசரம்: தோட்டத்தில் வேலை செய்த ஒருவரைப் பேட்டி எடுத்து வரச் சொல்லுங்கள். “கஷ்டப்பட்டீங்களா பாட்டி?” என்று மட்டும் கேட்க வேண்டாம். “எப்படி வெட்டுனீங்க, ஏன் அப்படி வெட்டுனீங்க?” என்று கேட்கச் சொல்லுங்கள். உளி, மங்கு, காண்டா, நிரை என்று வரும் சொற்களையும் குறித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பின்வரிசைப் பையனை அவன் பாட்டியிடம் இப்படித்தான் அனுப்பினேன். அடுத்த வாரம் நான்கு பக்கம் எழுதி வந்தான். “டீச்சர், கத்திய எந்தக் கோணத்துல பிடிக்கணும்னு பாட்டி என் கையப் பிடிச்சு காட்டுனாங்க” என்றான். அன்றைக்கு வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.