குரலைக் காத்த தவணை

1873இல் வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத் ஒரு நோயாளியின் புற்று பிடித்த குரல்வளையை முழுதாக அறுத்தெடுத்தார். அதன்பின் வெகுகாலம், புற்று முற்றியவர் உயிர் பிழைக்கக் குரலை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இதை மாற்றியது எக்ஸ் கதிர் என்பார்கள், பாதிதான் உண்மை. 1895இல் ராண்ட்ஜன் கண்ட கதிரை ஒரேயடியாகப் பெரிய அளவில் பாய்ச்சியபோது புற்றோடு நல்ல சதையும் வெந்தது. திருப்பம் வந்தது ஆட்டுக்கிடாவின் விரையிலிருந்து! பாரிஸ் ரேடியம் நிறுவனத்தின் குளோடியுஸ் ரெகோ, கிடாவைக் கதிரால் ஒரே தடவையில் மலடாக்கப் பார்த்தார். விதைப்பைத் தோல் புண்ணானது. கதிரைப் பல நாளுக்குப் பிரித்துக் கொடுத்தார். விந்து உற்பத்தி நின்றது, தோல் தப்பியது. ஓயாமல் பிரியும் விந்துச் செல்லைப் புற்றுச் செல்லுக்கு ஈடாக அவர் கருதினார். அங்கேயே பணியாற்றிய ஆன்றி கூத்தார் இந்தத் தவணை முறையைத் தொண்டைக்குக் கொண்டுவந்து, முற்றிய குரல்வளைப் புற்றும் குணமாகும் என்று 1922இல் பாரிஸ் மாநாட்டில் காட்டினார்.

பெருமை கருவிகளுக்கே என்று வாதிடலாம். ஆனால் கோபால்ட் கருவி சிகிச்சைக்கு வந்தது 1951இல். கூத்தார் அதற்கு முன்பே பழைய எக்ஸ் கதிர்க் குழாயோடு சாதித்துவிட்டார். குரல் நாண் புற்று கரகரப்பால் சீக்கிரமே பிடிபடும், நிணநாளங்கள் அங்கே குறைவு, அதனால் எளிதில் குணமாகும் என்ற மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் அது நோயாளி பிழைப்பதைத்தான் விளக்குகிறது, நாண் தழும்பேறாமல் பேசுவதை அல்ல. இன்றைய கதிர்க் கருவியான நேரியல் முடுக்கியிலும் தொடக்கநிலைக் குரல் நாண் புற்றுக்கு 63 கிரே (கதிர் அளவின் அலகு) கதிரை 28 தவணையாகத்தான் கொடுக்கிறார்கள்.