தந்தி என்ற சொல்

அப்பாவின் பெட்டியில், பழைய பத்திரங்களுக்கிடையே, ஒரு ரேடியோ லைசென்ஸ் புத்தகம் அகப்பட்டது. கையகலம். உள்ளே வருஷத்துக்கு ஒன்றாக ஒட்டிய வில்லைகள், அவற்றின்மேல் தபாலாபீஸ் முத்திரை. வீட்டில் ஒரு வால்வு ரேடியோவை வைத்துக்கொண்டு திருச்சி நிலையத்தைக் கேட்பதற்கான அனுமதி அது. இந்த அனுமதியின் மூலத்தைத் தேடிப் போனால் 1885ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டத்தில் போய் நிற்கிறது. 1885இல் மார்க்கோனி பதினோரு வயதுப் பையன். ஹெர்ட்ஸ் தன் அலைகளைப் பரிசோதனையில் காட்ட இன்னும் இரண்டு மூன்று வருஷங்கள் இருந்தன. ரேடியோ என்ற ஒன்று யார் கற்பனையிலும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் ரேடியோவை எப்படி ஆண்டது? இது வக்கீல்கள் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி அல்ல. ஒரு சொல்லின் அர்த்தம் எப்படி விரிகிறது, அந்த விரிவு யாருக்குப் பயன்படுகிறது என்பதில் அக்கறை உள்ள எவரும் கேட்கலாம்.

தமிழில் தந்தி என்றால் முதலில் நரம்பு; யாழின், வீணையின் கம்பி. பிறகு அது மின்கம்பியாயிற்று. பிறகு அந்தக் கம்பி வழியே வந்த செய்தியே தந்தியாயிற்று. இலக்கணக்காரர்கள் இதை ஆகுபெயர் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பியே தேவைப்படாத காலம் வந்தபோதும் நாம் சொல்லை விடவில்லை; கம்பியில்லாத் தந்தி என்றோம். கம்பி இல்லாத கம்பி! யாரும் சிரிக்கவில்லை; மொழி அப்படித்தான் நடக்கும். பேசுகிறவர்கள் இழுத்த இழுப்புக்குச் சொல் வருகிறது. அந்த விரிவு எவருக்கும் சொத்து ஆவதில்லை. சட்டத்திலும் சொல் விரிகிறது. ஆனால் அங்கே அது விரிகிற ஒவ்வோர் அங்குலமும் ஒருவருடைய ஆதிக்கத்துக்குள் போய்ச் சேருகிறது. வித்தியாசம் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

முதல் இழுப்பு லண்டனில் நடந்தது. பிரிட்டனில் 1869ஆம் வருஷத்துச் சட்டம் உள்நாட்டுத் தந்திகளின் ஏகபோகத்தைத் தபால் இலாகாவுக்குக் கொடுத்திருந்தது. டெலிபோன் வந்தது 1876இல். எடிசன் டெலிபோன் கம்பெனி லண்டனில் தொழிலை ஆரம்பித்ததும் அரசாங்கம் வழக்குப் போட்டது. கம்பெனியின் வாதம் எளிமையானது: தந்தி என்பது குறிகளை அனுப்புவது, நாங்கள் அனுப்புவது மனிதக் குரல். 1880 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. டெலிபோனும் தந்திதான், சட்டம் இயற்றப்பட்டபோது அது கண்டுபிடிக்கப்படவில்லை என்பது ஒரு பொருட்டல்ல. தீர்ப்பை வாசித்தவர் நீதிபதி ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். கல்கத்தாவில் வைசிராயின் சபையில் சட்ட அங்கத்தினராக இருந்து 1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தை எழுதியவர். குரலுக்கும் குறிக்கும் பேதமில்லை என்ற அந்த முடிவு, மொழியைப் பற்றிய ஒரு தத்துவ முடிவாகவும் இருக்கிறது. ஆனால் அதை அவசியமாக்கியது தத்துவம் அல்ல, தபால் இலாகாவின் வருமானம்.

ஐந்து வருஷம் கழித்து இந்தியாவுக்காக எழுதியவர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள். தந்தி என்பதற்கு அவர்கள் கொடுத்த வரையறை விசித்திரமானது. மின்சாரத்தாலோ காந்தத்தாலோ இயங்கும் தந்தியே தந்தி என்று ஆரம்பித்து, டெலிபோனையும், மின்சாரத்தின் வழியே நடக்கும் பிற செய்திப் போக்குவரத்துகளுக்கான கருவிகளையும் அது உள்ளே இழுத்துக்கொண்டது. தந்தி என்றால் தந்தி என்று சொல்லும் ஒரு வரையறை எதையும் விளக்குவதில்லை, கதவைத் திறந்துவைக்கிறது. 'பிற' என்ற ஒரு சொல்லில் இனி வரப்போகிற எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. சட்டத்தின் உயிர் அடுத்த இரண்டு பிரிவுகளில்தான். நான்காவது பிரிவு: தந்திகளை நிறுவி நடத்தும் தனி உரிமை சர்க்காருக்கே, மற்றவர்கள் லைசென்ஸ் பெற்று நடத்தலாம். ஐந்தாவது பிரிவு: பொது அவசரநிலை ஏற்பட்டாலோ பொதுப் பாதுகாப்பை முன்னிட்டோ செய்திகளை நிறுத்தலாம், இடைமறிக்கலாம். மூன்றாவது பிரிவின் வரையறை இந்த இரண்டுக்கும் தீனி சேகரித்துக் கொடுக்கும் வேலையைச் செய்தது.

ரேடியோ வந்தபோது அது சர்க்காரின் பண்டமாக வரவில்லை. சென்னையில் 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் ஒரு ரேடியோ கிளப் ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமில்லாமல் 1927இல் நின்றது. அதன் கருவியை வாங்கிக்கொண்டு சென்னை கார்ப்பரேஷன் 1930 முதல் ஒலிபரப்பு நடத்தியது. ஓர் ஊர் தன் ரேடியோவைத் தானே நடத்திக்கொண்ட அந்த எட்டு வருஷங்கள் நம் ஞாபகத்தில் ஏறக்குறைய இல்லை. 1938இல் அகில இந்திய ரேடியோ சென்னைக்கு வந்ததும் அது முடிந்துபோயிற்று. இதற்கிடையில் 1933இல் இன்னொரு சட்டம். பழைய சட்டம் தந்தியை நிறுவுவதையும் நடத்துவதையும்தான் பிடித்தது. வீட்டு மூலையில் ஒரு பெட்டியைச் சும்மா வைத்திருப்பவனைப் பிடிக்க அது போதவில்லை. அதனால் கம்பியில்லாத் தந்திச் சட்டம் 'வைத்திருத்தல்' என்ற செயலையே லைசென்ஸுக்கு உட்படுத்தியது. பேசுவதற்கு அனுமதி வேண்டும் என்பது புரிகிறது. கேட்பதற்கு, கேட்கக்கூடிய ஒரு பொருளை வைத்திருப்பதற்கு அனுமதி என்பது வேறு ஜாதி. அப்பா வருஷாவருஷம் வரிசையில் நின்று வில்லை ஒட்டிக்கொண்டு வந்தது அதற்காகத்தான். 1980களின் நடுவில் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

சுதந்திர இந்தியா வரையறையைச் சுருக்கியிருக்கும் என்று நினைப்போம். 1961இல் அதைத் திருத்தி எழுதினார்கள். இப்போது தந்தி என்பது குறி, சைகை, எழுத்து, உருவம், ஒலி, எந்த வகையான தகவலையும் அனுப்பவோ பெறவோ பயன்படும், அல்லது பயன்படக்கூடிய, எந்தக் கருவியும் எந்தப் பொருளும் ஆயிற்று. கம்பி வழியாக, ரேடியோ அலை வழியாக, பார்வைக்குரிய ஒளி வழியாகக்கூட. ரேடியோ அலை என்பது 3,000 ஜிகாசைக்கிளுக்குக் கீழே என்று கணக்கும் சொன்னார்கள். எழுத்துப்படி பார்த்தால் மாடியிலிருந்து எதிர்வீட்டுக்கு டார்ச் அடித்து ஜாடை காட்டுகிறவன் கையிலும் ஒரு தந்தி இருக்கிறது. இவ்வளவு நீண்ட பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை. கருவி இருக்கிறது, அலை இருக்கிறது, தகவல் இருக்கிறது. சொல்கிறவனும் கேட்கிறவனும் இல்லை. டெலிவிஷனும் கம்ப்யூட்டரும் செல்போனும் பிற்பாடு ஒவ்வொன்றாக வந்து இந்த வரையறைக்குள் உட்கார்ந்துகொண்டன. தனியாக அழைப்பு தேவைப்படவில்லை.

கேட்கிறவன் உள்ளே வந்தது 1995 பிப்ரவரியில், அதுவும் கிரிக்கெட்டின் புண்ணியத்தில். 1993இல் நடந்த ஹீரோ கோப்பைப் பந்தயங்களை ஒளிபரப்பும் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்தது. அரசு நான்காவது பிரிவைக் காட்டியது. சுப்ரீம் கோர்ட் சொன்னது: அலைவரிசைகள் பொதுச்சொத்து; அரசின் ஏகபோகமும் கூடாது, பணமுள்ளவர்களின் ஏகபோகமும் கூடாது; பார்க்கிறவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு. நீதிபதி ஜீவன் ரெட்டி 1885ஆம் வருஷத்துச் சட்டம் முற்றிலும் வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டது என்பதையும் எடுத்துச் சொன்னார். 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் வளாகத்திலிருந்து ஒலிபரப்பை ஆரம்பித்ததற்குப் பின்னால் இந்தத் தீர்ப்பு இருக்கிறது. சென்னை கார்ப்பரேஷன் நிறுத்தி அறுபத்தாறு வருஷம் ஆகியிருந்தது.

2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. தந்தி செத்தது, தந்திச் சட்டம் சாகவில்லை. 2017இல் அதன்கீழ்தான் தொலைத்தொடர்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் விதிகள் வந்தன. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தின்மீது போலீஸ் சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூடுகளில் 13 பேர் உயிரிழந்தார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட்டை நிறுத்தும் உத்தரவு வந்தது. தன் வீட்டுப் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று தேடுகிறவன் கையிலிருந்த கருவி அன்று, சட்டத்தின் கண்ணில், ஒரு தந்தி. வீணைக் கம்பியிலிருந்து கிளம்பிய சொல் வந்து சேர்ந்த இடம் இது.

இரண்டு பழைய சட்டங்களையும் நீக்குவதற்கென்று 2023 டிசம்பரில் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. 2024 ஜூனிலிருந்து பகுதி பகுதியாக அமலுக்கு வரத் தொடங்கியது. அதை அடிக்கோடிட்டுக்கொண்டு படித்தேன். வரையறை முழுக்கப் புதிது: எழுத்து, உருவம், ஒலி, வீடியோ, தரவோட்டம் என்று பட்டியல் இன்னும் நீள்கிறது. தந்தி என்ற சொல் போய்விட்டது. 20ஆம் பிரிவுக்கு வந்தேன். பொது அவசரநிலை ஏற்பட்டாலோ, பொதுப் பாதுகாப்பை முன்னிட்டோ. 1885ஆம் வருஷத்து வாசகம் அப்படியே இருந்தது. அவசரநிலை என்றால் என்ன, பாதுகாப்பு என்றால் யாருடைய பாதுகாப்பு என்பதற்கு மட்டும் அன்றும் வரையறை எழுதவில்லை, இன்றும் எழுதவில்லை. அப்பாவின் புத்தகத்தை மறுபடியும் பெட்டியில் பத்திரங்களோடு வைத்தேன். காலாவதியானவற்றோடு சேர்க்க மனம் வரவில்லை.